கோடைகால இலையானும் வீட்டு முயலும்: ஒரு நாளில் உயிர் பறிக்கும் புழுக்கள்

சித்திரை பிறந்து வெயில் சற்று எட்டிப் பார்த்ததும், பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளின் பின்வளவுகள் உயிர் பெறுகின்றன. குளிருக்கு அஞ்சி உள்ளே வைத்திருந்த கறிவேப்பிலைச் சாடி வெளியே வருகின்றது. பிள்ளைகளின் சைக்கிள் வெளியே வருகின்றது. முயற்கூட்டின் மேல் மாதக்கணக்காகக் கிடந்த படங்கு அகற்றப்படுகின்றது. இதே நாட்களில், மண்ணுக்கடியிற் குளிர்காலத்தைக் கழித்த ஒருவகைப் பச்சை இலையானும் வெளியே வருகின்றது. வீட்டில் முயல் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த இலையானைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். காலையிற் புல் தின்றுகொண்டிருந்த முயலை மறுநாள் மாலைக்குள் கொல்லக்கூடியது அது.

ஆங்கிலத்தில் 'பிளைஸ்ரைக்' என்று அழைக்கப்படும் இந்நோயை நாம் 'புழுப் பற்றுதல்' என்று சொல்லலாம். ஊரில் மாடு வளர்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. புண்ணில் இலையான் மொய்த்துப் புழு வைத்த மாட்டை எம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். ஆனால் மாடு பெரிய உடல் கொண்டது. புழு வைத்த புண்ணோடும் சில நாட்கள் நின்றுபிடிக்கும். இரண்டு கிலோ நிறையுள்ள முயலால் அது முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் ஊரிற் கண்ட மாட்டுக்குப் புண் முதலில் வந்தது, புழு பின்னர் வந்தது. முயலுக்கோ புண் எதுவும் இல்லாதபோதே புழு பற்றலாம். புழுவே புண்ணை உண்டாக்கும். 'எங்கள் முயலுக்குக் காயம் ஏதும் இல்லையே' என்று ஆறுதல் அடைவோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

முயல் எம்மவர் வீடுகளுக்கு வந்த வழி விளக்கத்தக்கதே. நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். பூனையின் உரோமம் தொய்வு நோயுள்ள பாட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. பள்ளித் தோழியின் வீட்டில் ஒரு பிராணியைக் கண்டுவந்த பிள்ளையோ நாள் தவறாமற் கேட்டபடி இருக்கின்றது. இறுதியில் குரைக்காத, அயலவரின் முறைப்பாட்டுக்கு இடம் வைக்காத, செலவு குறைந்தது என்று நம்பப்படுகின்ற முயல் வீட்டுக்குள் வருகின்றது. அது சத்தமிடாது என்பது உண்மை. அதுவே அதன் துரதிர்ஷ்டமும் ஆகும். காட்டில் நரிக்கும் பருந்துக்கும் இரையாக வாழ்ந்த இனம் அது. வலியை வெளிக்காட்டிய முயல் அங்கே நெடுநாள் வாழ்ந்ததில்லை. அந்த இயல்பு மரக்கூட்டுக்குள் வந்தும் மாறவில்லை. தோல் தின்னப்படும்போதுகூட முயல் ஒரு மூலையில் ஒடுங்கி அமைதியாக இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உறங்குவதாகவே தோன்றும்.

இலையான் செய்யும் வேலை

பிரித்தானியாவில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது 'லூசிலியா செரிகாற்றா' என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட பச்சை இலையான். குப்பைத் தொட்டியின் மேலும் நாய்க் கழிவின் மேலும் வெயிலிற் பச்சைக் கண்ணாடித் துண்டுபோல் மினுங்கிக்கொண்டிருப்பது இதுவே. ஏப்ரல், மே மாதங்களிற் பறக்கத் தொடங்கி ஒக்டோபர் வரை திரியும். யூன், யூலை, ஓகஸ்ட் ஆகியவை அதன் உச்சக் காலம். மழை பெய்து ஓய்ந்தபின் ஈரமும் புழுக்கமும் சேர்ந்து வரும் நாட்களில் விசேட கவனம் தேவை.

பெண் இலையான் சிறுநீர், மலம், ஈர உரோமம், புண் ஆகியவற்றின் நாற்றத்தைத் தொலைவிலிருந்தே உணர்ந்து வருகின்றது. முயலின் வாலடியில் உரோமத்துக்குள் ஒரு தடவையில் ஏறத்தாழ 200 முட்டைகள் வரை இடும். முட்டைகள் வெண்மஞ்சள் நிறமானவை. சிறிய அரிசிக் குறுணல்போற் கொத்தாக உரோமத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெப்பமான நாளில் 12 மணித்தியாலங்களுக்குள்ளேயே அவை பொரித்துவிடக்கூடும்.

பொரித்த புழுக்கள் முதலிற் தோலின் மேலுள்ள ஈரத்தையும் அழுக்கையும் உண்கின்றன. பின்னர் தாம் சுரக்கும் ஒருவகைச் சாற்றினாற் தோலைக் கரைத்து, கொக்கி போன்ற வாயுறுப்பினாற் சுரண்டி உள்ளே இறங்குகின்றன. புண்ணின் நாற்றம் மேலும் பல இலையான்களை அழைத்து வருகின்றது. புழுக்களின் கழிவிலுள்ள நஞ்சு இரத்தத்தில் கலக்க, முயலின் உடல் குளிர்ந்து, அதிர்ச்சி நிலையடைந்து, அது இறந்துபோகின்றது. வயிறு நிரம்பிய புழுவோ சில நாட்களில் நிலத்தில் விழுந்து மண்ணுக்குள் புகுந்து, கூட்டுப்புழுவாகி, மறுபடியும் இலையானாகப் பறக்கின்றது.

இங்கே ஒரு விநோதத்தைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. இதே இலையானின் புழுக்களை மனிதரின் ஆறாத புண்களுக்கு மருந்தாகவும் பயன்படுத்துகின்றனர். முதலாம் உலகப் போர்க்களத்திற் புழு வைத்த புண்களோடு கிடந்த வீரர்கள் எதிர்பாராத வகையில் நலமாக இருப்பதைக் கண்ட வில்லியம் பேயர் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர், 1920களின் இறுதியிற் பால்ரிமோர் நகரில் இந்த வைத்தியத்தைச் செய்தார். பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் வைத்தியர்கள் 2004 முதல் இதனை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க முடிகின்றது. நீரிழிவினாற் காற்புண் கண்ட எமது முதியவர்கள் சிலர் இதனைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அவ்வாறாயின் முயலுக்கு மட்டும் ஏன் தீங்கு என்று ஒருவர் கேட்கலாம். மருத்துவப் புழுக்கள் கிருமி நீக்கி வளர்க்கப்பட்டவை. குறித்த அளவில் வைக்கப்பட்டு, குறித்த நாளில் அகற்றப்படுபவை. முயலின் வாலடியில் அவற்றைக் கட்டுப்படுத்துவார் எவரும் இல்லை. முயலின் மெல்லிய தோலும் அவற்றைத் தாங்காது.

வாலடியில் தெரிவது வயிற்றின் நிலை

முயலைக் கொல்வது இலையான்தான் எனினும், அதற்குக் கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் நாம் கொடுக்கும் உணவே. இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

முயல் இருவகை எச்சம் இடுகின்றது. ஒன்று, எல்லோரும் அறிந்த உருண்டையான காய்ந்த பிழுக்கை. மற்றது, கருமையாகப் பளபளப்புடன் சிறிய திராட்சைக் குலைபோல வரும் மென்மையான எச்சம். இந்த இரண்டாவது வகையை முயல் தன் வாலடியில் வாயை வைத்து நேரடியாகவே எடுத்து உண்டுவிடும். அருவருப்படைய வேண்டியதில்லை, மாடு அசைபோடுவதற்கு ஒப்பானது இது. முதற்சுற்றிற் கிடைக்காத சத்துக்களை முயல் இரண்டாம் சுற்றிற் பெற்றுக்கொள்கின்றது. ஆரோக்கியமான முயலின் கூட்டில் இந்த மென்மையான எச்சத்தை நாம் காணவே மாட்டோம்.

அதனைக் காண நேர்ந்தால், உரோமத்திற் பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பதைக் கண்டால், ஏதோ ஒன்று பிழைத்துவிட்டது என்று பொருள். முயல் அளவுக்கு மீறிக் கொழுத்துவிட்டதால் அதன் வாய் வாலடிக்கு எட்டவில்லை. அல்லது முதுகெலும்பிலோ மூட்டிலோ வாதம் கண்டு வளைய முடியவில்லை. அல்லது பல் வளர்ந்து வாயைக் குத்துவதால் உண்ணவும் உரோமத்தை நக்கித் துப்புரவாக்கவும் முடியவில்லை. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளரும். நாரும் மணலுமுள்ள புல்லை நாள் முழுவதும் அரைத்தாற்தான் பற்கள் தேயும். இவை எதுவும் இல்லையாயினும், மாவும் சீனியும் கூடிய உணவினால் எச்சம் இளகி, தேவைக்கு மேலாக உற்பத்தியாகி, உண்ணப்படாமல் எஞ்சிவிடலாம்.

எம்மவர் வீடுகளில் விருந்தோம்பல் பிராணிகளையும் விட்டுவைப்பதில்லை. பாண் துண்டு, பிஸ்கற், வாழைப்பழம், சோறு என்று பிள்ளைகள் உண்பதெல்லாம் முயலுக்கும் ஒரு பங்கு போகின்றது. கரட் கிழங்கை முயலின் இயற்கை உணவு என்றே பலரும் நம்புகின்றனர். அது சித்திரக் கதைகள் பரப்பிய நம்பிக்கை. கரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். கடைகளில் விற்கப்படும் பலநிறத் துண்டுகள் கலந்த 'மியூஸ்லி' வகை உணவும் நல்லதல்ல. முயல் அதில் இனிப்பானவற்றை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நாருள்ளவற்றை ஒதுக்கிவிடும்.

முயலின் உணவிற் பெரும்பங்கு, அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதன் உடலளவுக்கு ஒரு குவியல் உலர்புல் வைப்பது நல்ல கணக்கு. இங்கே சொல் மயக்கம் ஒன்று உண்டு. 'ஹே' என்பதும் 'ஸ்ரோ' என்பதும் எமது பேச்சில் இரண்டுமே வைக்கோலாகிவிடுகின்றன. முதலாவது உலர்ந்த புல், உணவு. இரண்டாவது கதிர் அறுத்தபின் எஞ்சும் தாள். படுக்கைக்கு உதவுமேயன்றி உணவாகாது. கடையிற் பையின் மேல் எழுதியிருப்பதை வாசித்து வாங்க வேண்டும். உருண்டை உணவாயின் முயலின் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதுமானது. கிண்ணம் நிறைய வைப்பது அன்பைக் காட்டலாம். ஆயினும் அது முயலைக் கொழுக்க வைத்துவிடும். உணவை மாற்றுவதாயின் திடீரென மாற்றாமற் சில வாரங்களிற் படிப்படியாக மாற்ற வேண்டும்.

சிறுநீரும் கவனிக்கத்தக்கது. முயல் தேவைக்கு மேற்பட்ட கல்சியத்தைச் சிறுநீர் வழியே கழிக்கின்றது. சில முயல்களில் அது சேறுபோற் திரண்டு சிறுநீர்ப்பையிற் தங்கி, ஒழுக்கை உண்டாக்கும். பின்கால்களின் உட்புறம் எப்போதும் நனைந்திருக்குமாயின் கழுவிவிட்டுச் சும்மா இருத்தல் கூடாது. மிருக வைத்தியரிடம் காட்டிக் காரணத்தை அறிய வேண்டும்.

லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானிய மிருக வைத்தியசாலைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, 5 வயதும் அதற்கு மேலுமான முயல்களுக்கு ஆபத்துக் கூடுதல் என்பதையும், வெப்பநிலை ஏற ஏற நோயும் ஏறுகின்றது என்பதையும் காட்டியது. வைத்தியரிடம் கொண்டுவரப்பட்டவற்றிற் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இறந்தன அல்லது கருணை மரணம் அளிக்கப்பட்டன. வைத்தியசாலை வரை வந்துசேர்ந்த முயல்களின் கணக்கு மட்டுமே இது. வயது முதிர்ந்த முயலை உடையோர், குட்டியாக இருந்தபோது செலுத்திய கவனத்தை இப்போது இருமடங்காக்க வேண்டும்.

காலையும் மாலையும்

நாளுக்கு இருமுறை முயலின் வாலடியைக் கண்ணாற் பார்த்தல் வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் இதனை மறக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முட்டை பொரிக்க அரை நாள் போதும் என்பதாலேயே ஒருமுறை போதாது என்கின்றோம். தந்தை எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை முடித்து வரும் வேளையும், தாய் துப்புரவு வேலைக்கோ கடைக்கோ புறப்படும் வேளையும் சந்தித்துக்கொள்ளும் வீடுகள் எம்மிடையே ஏராளம். அந்தச் சந்திப்பில் ஐந்து நிமிடம் முயலுக்கு ஒதுக்கினாற் காலைப் பரிசோதனை முடிந்துவிடும். மாலையில் மற்றவர் பார்க்கலாம்.

பார்க்கும் முறையும் முக்கியமானது. முயலின் பின்பகுதியை ஒரு கையாற் தாங்காமற் தூக்கினால் அது உதைக்கும். அந்த உதைப்பில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். மடியில் மல்லாக்கக் கிடத்தினால் அது அசையாமற் கிடக்கும். அதனைச் சுகமான உறக்கம் என்று எண்ணிச் சிரிப்பவர்கள் உண்டு. அது அச்சத்தின் உச்சத்தில் வரும் செத்தவன் பாவனை. நிலத்தில் அமர்ந்து, முயலின் முதுகை உங்கள் நெஞ்சோடு சாய்த்து, பின்பகுதியைத் தாங்கிப் பிடித்தால், இன்னொருவர் உரோமத்தை விலக்கிப் பார்க்கலாம். வாலின் அடி, கால்களின் உட்புறம், கழுத்தின் கீழ் மடிப்பு, வயிறு, ஏதும் கீறல் இருந்தால் அந்த இடம் ஆகிய யாவற்றையும் பார்க்க வேண்டும். மூக்கும் கண்ணுக்கு நிகரான கருவியே. அழுகல் நாற்றம் பெரும்பாலும் முதலிற் செய்தி சொல்லிவிடும்.

அழுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரிற் தோய்த்த துணியாற் துடைத்து, துவாயினால் நன்கு உலர்த்த வேண்டும். முழு முயலையும் குளிப்பாட்டக் கூடாது. அந்த அதிர்ச்சியே அதற்கு ஆகாது. ஈரமாக விடப்பட்ட உரோமம் இலையானுக்கு இன்னொரு அழைப்பிதழ். சடை பிடித்த உரோமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டவும் துணியக் கூடாது. முயலின் தோல் கடதாசிபோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து தோலும் வெட்டுப்பட்டுவிடும். வைத்தியசாலையில் அதற்கான கருவி கொண்டு அகற்றுவர்.

கூட்டைப் பொறுத்தவரை, நனைந்த படுக்கையையும் எச்சத்தையும் வாடிய கீரையையும் நாள்தோறும் அகற்றி, வாரம் ஒருமுறை முழுவதையும் கழுவிக் காயவைக்க வேண்டும். குப்பைத் தொட்டியைக் கூட்டிலிருந்து தள்ளி வைப்பதும் நன்று.

பழைய விரிவுரைப் பழக்கம் எம்மை விட்டபாடில்லை. ஒரு சோதனையைச் சொல்லியே ஆகவேண்டும். அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாகத் தோன்றுகின்றது என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினர். இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி சில பாத்திரங்களில் இறைச்சியை இட்டு, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். திறந்தவற்றிற் புழு கண்டது, மூடியவற்றிற் காணவில்லை. 1668 இல் அவர் இதனை வெளியிட்டார். கூட்டின் கம்பி வலைக்கு வெளியே நுளம்பு வலை அடிக்கும் ஒவ்வொருவரும் ரெடியின் சோதனையையே மீண்டும் செய்கின்றனர். மீற்றர் கணக்கில் மலிவாக வாங்கக்கூடிய வலை அது. காற்றோட்டம் கெடாமல் இழுத்துக் கட்டினாற் போதும். இலையான் ஒட்டும் பசைத் தாளையும் தொங்கவிடலாம். முயலுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

மாடிக் குடியிருப்பில் வீட்டுக்குள்ளேயே வளர்ப்போர் தமக்கு ஆபத்தில்லை என எண்ண வேண்டாம். திறந்த யன்னல் வழியாக ஓர் இலையான் வந்தாற் போதும்.

சைரோமசின் என்ற மருந்து முயல்களுக்கெனவே தயாரிக்கப்பட்டுள்ளது. கோடை தொடங்குமுன் முதுகின் நடுவிலிருந்து வால் வரையும் பின்பகுதியிலும் பூசினால், முட்டையிலிருந்து வெளிவரும் இளம் புழு வளர்ச்சியடையாமல் மடிந்துவிடும். 10 வாரங்கள் வரை காப்பளிக்கும். ஆனால் அது இலையானை விரட்டாது; முட்டையிடுவதையும் தடுக்காது; ஏற்கெனவே வளர்ந்துவிட்ட புழுவையும் கொல்லாது. ஆகையால் மருந்து பூசிய முயலையும் நாள்தோறும் பார்க்கத்தான் வேண்டும். உங்கள் முயலுக்குப் பொருத்தமானது எது, எப்போது பூசுவது என்பதை வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. நாய், பூனைகளின் உண்ணிக்கு விற்கப்படும் 'பிறொன்ற்லைன்' முதலிய பிப்ரோனில் கலந்த மருந்துகளை முயலுக்கு ஒருபோதும் இடக்கூடாது. முயலுக்கு அது நஞ்சு, உயிரையே பறிக்கும். அவ்வாறே, ஊரில் மாட்டுப் புண்ணுக்கு வேப்பெண்ணெயும் கர்ப்பூரமும் இட்ட அனுபவத்தை இங்கே முயலிற் பரீட்சிக்க வேண்டாம். முயல் தன் உடலை ஓயாமல் நக்குவது. பூசியது யாவும் வயிற்றுக்குள் போகும்.

புழுவைக் கண்டுவிட்டால்

இலண்டனின் வடமேற்குப் புறநகரில் எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. யூலை மாதத்துச் சனிக்கிழமை காலையில் முயல் உண்ணவில்லை. வெக்கை என்று எண்ணி வெள்ளரிக்காய் வைத்தனர். மாலையில் நாற்றம் வரவே தூக்கிப் பார்த்தபோது வாலடியிற் புழு நெளிந்தது. வார இறுதிக் கட்டணம் கூடுதல் என்று கேள்விப்பட்டிருந்ததால், தாமே கழுவிவிட்டுத் திங்கட்கிழமை காலை வரை பொறுத்திருக்கத் தீர்மானித்தனர். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் முயல் இறந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவதை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பம். எம்மிற் பெரும்பாலானோர் அவர்களுடைய இடத்தில் அதே கணக்கைத்தான் போட்டிருப்போம். அதனாலேயே அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது என்று எழுத வேண்டியுள்ளது.

ஒரு புழுவைக் கண்டாலும் இரவு பகல் பாராமல் உடனே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுவோர் தொலைபேசியில் மூன்று சொற்களைச் சொன்னாற் போதும்: 'றபிற், பிளைஸ்ரைக், எமேர்ஜென்சி.' மறுமுனையில் இருப்பவருக்கு மீதி விளங்கும். முட்டைகளை மட்டும் கண்டால், உண்ணிச் சீப்பினால் மெதுவாக வாரி எடுத்துவிட்டு, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணுக்குத் தப்பியவை உள்ளே இருக்கலாம். புழுக்கள் தென்பட்டால், புறப்படும்வரை மேலே தெரிபவற்றைச் சிறு இடுக்கியாற் பிடுங்கலாம். அதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். ஈர உரோமத்தில் வைத்தியரின் வெட்டும் கருவி ஓடாது, முயலும் குளிர்ந்துவிடும். சுத்தமான துவாய் விரித்த பெட்டியிற் கதகதப்பாக வைத்துக் கொண்டு செல்லுங்கள். மனிதருக்கான வலி மாத்திரை எதனையும் கொடுக்க வேண்டாம்.

வைத்தியர் உரோமத்தை மழித்து, புழுக்களை அகற்றி, வலி நீக்கியும் திரவமும் கிருமியெதிர் மருந்தும் கொடுப்பார். ஆரம்பத்திலேயே கொண்டுசென்றாற் பிழைக்க வாய்ப்புண்டு. உள்ளுறுப்புகள் வரை புழு சென்றிருந்தால், உறக்க மருந்து கொடுத்து உயிரை முடித்துவிடலாம் என்று அவர் சொல்லக்கூடும். உயிர்க்கொலை பாவம் என்று வளர்ந்த எமது தாய்மாருக்கு இது ஏற்கக் கடினமானது. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். எனினும் மாற்று வழி, உயிருடன் தின்னப்பட்டு இறப்பதுதான் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். தொழிலில் உள்ள மிருக வைத்தியர்கள் 24 மணித்தியாலமும் அவசர முதலுதவிக்கும் வலி நீக்கத்துக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது பிரித்தானியாவில் அவர்களது தொழில் ஒழுக்க விதி. அதற்கான கட்டணம் எம்மைச் சேர்ந்ததே. ஆயினும் தொலைபேசியிலேயே உங்கள் பண நிலையைச் சொல்லி, தவணையாகச் செலுத்த முடியுமா என்று கேட்பதில் வெட்கமில்லை. விசா நிலைமையை விசாரிப்பது மிருக வைத்தியரின் வேலையன்று; அந்த அச்சத்தினால் எவரும் பின்வாங்க வேண்டாம். பி.டி.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனம், ஏழைகளின் நோயுற்ற பிராணிகளுக்காக மரியா டிக்கின் என்ற பெண்மணி 1917 இற் கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் பகுதியில், ஒரு நிலவறையிற் தொடங்கிய இலவச மருந்தகத்திலிருந்து வளர்ந்தது. குறித்த சில அரச உதவிப் பணங்களைப் பெறுவோருக்கு, அவர்கள் வசிக்கும் இடத்தையும் பொறுத்து, அது இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வைத்தியம் செய்கின்றது. புளூ குறொஸ் நிறுவனத்துக்கும் இத்தகைய வைத்தியசாலைகள் உண்டு. புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர் தமக்கு இத்தகுதி உண்டா என்பதை, முயல் நலமாக இருக்கும்போதே கேட்டறிந்து பதிவுசெய்து வைப்பது நல்லது. வருடாந்தத் தடுப்பூசிக்குச் செல்லும்போது இதனையும் விசாரித்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு இன்னொன்று. 'உன் முயல், நீயே பார்த்துக்கொள்' என்று பத்து வயதுப் பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைப்பது எம்மவர் வழக்கம். பொறுப்புணர்ச்சி வளரும் என்பது எண்ணம். முதல் மாதம் பிள்ளை ஆர்வத்தோடு கூட்டைத் துப்புரவாக்கும். மூன்றாம் மாதம் பரீட்சை வரும், ரியூசன் வரும், வயலின் வகுப்பு வரும். இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 2006 ஆம் ஆண்டின் மிருகநலச் சட்டத்தின்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிராணிக்குப் பொறுப்பாளி அப்பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே. சட்டத்தை விட்டுவிட்டாலும், புழு வைத்த முயலைத் தன் கவனக்குறைவின் விளைவாகக் காணும் நிலை ஒரு பிள்ளைக்கு வரக்கூடாது. உணவிடுதல், உரோமம் வாருதல், புல் பறித்து வருதல் ஆகியன பிள்ளைக்குரியவை. வாலடியைப் பார்ப்பது பெரியவருக்குரியது.

அருகிலுள்ள மிருக வைத்தியசாலையின் இரவுநேர எண் பல இடங்களிற் பகல் எண்ணிலிருந்து வேறானது. வேறொரு நிலையத்துக்கு, சில வேளை பல மைல்களுக்கு அப்பால், செல்ல நேரிடும். அந்த எண்ணையும் முகவரியையும், இரவில் அங்கு செல்லும் பேருந்தின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். வீட்டில் வாகனம் ஓட்டுபவர் இரவு வேலைக்குப் போயிருக்கும் வேளையிலேயே பெரும்பாலும் அது தேவைப்படும்.